உப்புக் காற்றுக்கு ஒரு முலாம்

உரும்பிராய்ப் பக்கம் ஒருத்தி தன்னுடைய தாலிக்கொடியில் ஒரு பவுணை வெட்டியெடுத்து, உருக்கி, மைக் வயரின் நுனிக்குப் பூசிவிட்டாளாம் என்ற கதையை உதயகலா முதன்முதலில் கேட்டது சாவகச்சேரிச் சந்தையில். சொன்னவள் முருங்கைக்காய் விற்ற ஒரு மனுசி. அவளுக்குச் சொன்னவர் ஒரு பஸ் கொண்டக்டர். அவருக்கு ஆர் சொன்னார்கள் என்பது மனுசிக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"புருசன் வெளிநாட்டிலை நிக்கிறானாம். இவள் இஞ்சை கொடியை உருக்குறாள்," என்றாள் மனுசி, காயை முறுக்கிக் காட்டியபடி.

"உருக்கி?"

"உருக்கி மைக்குக்குப் பூசினவளாம். அப்பத்தான் சத்தம் இனிக்குமாம்."

"இனிச்சுதாமோ?"

"ஆருக்குத் தெரியும் பிள்ளை? எங்கடை கோயில் மைக் இருக்கே, அது கத்துற கத்துக்குப் பிள்ளையார் காதை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கிப் பொத்திக்கொண்டு நிக்கிறார். நீ எத்தினை கட்டு எடுக்கிறாய்?"

உதயகலா இரண்டு கட்டு எடுத்தாள். சேலைத் தலைப்புக்குள் விரலை விட்டுக் கொடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அது முழுதாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கதைக்காரியை நேரில் பார்க்கவேண்டும் போலிருந்தது அவளுக்கு: குசினி மூலையில் குந்தியிருந்து, தணலை ஊதி ஊதி, கழுத்துப் பொன்னைச் சொட்டுச் சொட்டாக ஒரு வயரின் வாய்க்குள் ஊட்டுகிற பெண். பஸ்ஸில் ஏறி யன்னல் கரையில் இருந்தபிறகும், பனைகள் பின்னால் ஓட ஓட, அந்தப் பெண் ஊட்டிக்கொண்டேயிருந்தாள்.

கதைக்கு வேர் இல்லாமலும் இல்லை. இரண்டு கிழமைக்கு முன் அவள் போய்வந்த இடமே அந்த வேர். சந்தைக்குப் பின்னால், கவரிங் நகைகளுக்கு முலாம் பூசும் கஜானனின் கடை. அவள் ஒரு சிறு பையில் கொண்டுபோயிருந்தது மைக் வயர்களின் இரு நுனியிலும் பூட்டுகிற பித்தளை ஜாக்குகள். பாதி, மூன்று ஊசிகள் நீட்டிக்கொண்டிருப்பவை. பாதி, அந்த ஊசிகளை வாங்கிக்கொள்ளும் துளைகள் உள்ளவை. கஜானன் அவற்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான்.

"அக்கா, உது காதுக்குப் போடுற சாமானோ, மூக்குக்கோ?"

"காதுக்குத்தான். ஊரின்ரை காதுக்கு."

"பகிடியை விட்டுட்டுச் சொல்லுங்கோ. என்ன பூசவேணும்?"

"முதலிலை நிக்கல். அதுக்கு மேலை தங்கம். மின்னினா காணும் எண்டு உடனை எடுத்துப்போடாதை. ஊறவிடு."

"நேரை பித்தளையிலை தங்கம் பூசினால் செம்பு கீழையிருந்து ஏறிவந்து முகத்தைக் காட்டும். அதுதானே? அதை எனக்குச் சொல்லித் தரவேண்டாம். தைப்பொங்கலுக்கு வாங்கின கவரிங் சங்கிலி ஆடிக்குச் சிவந்துபோச்சு எண்டு ஊர்ப் பெண்டுகள் முழுக்க என்னோடைதான் சண்டை பிடிக்கிறவை." அவன் ஒரு ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்தான். "ஆனா இவ்வளவு நேரம் ஊறவிட்டால் தங்கத்தைத் தின்னுமே அக்கா."

"தின்னட்டும்," என்றாள் உதயகலா.

கடைக்கு வெளியே சங்கிலி பூசக் காத்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதை அந்த இடத்தில்தான் பஸ் ஏறியிருக்கவேண்டும்.

உதயகலா செம்மண்ணில் பிறந்தவள். தகப்பன் வெங்காயமும் மரவள்ளியும் வைத்தவர். போரால் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல் போன அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்து வீடுகள் எல்லாம் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள்: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு உயிர் கொடுத்தார்கள். சுற்றுகிறவள் உதயகலா. செய்தி தொடங்கும்போது றேடியோ இருமும். "முனையைத் துடை பிள்ளை," என்பார் தகப்பன். சட்டை நுனியால் அந்தச் சின்ன உலோகத் துண்டைத் துடைத்ததும் எங்கோ கடல்களுக்கு அப்பால் ஒரு மனிதர் தெளிவாகக் கதைக்கத் தொடங்குவார். ஒரு குரல் இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் ஒரு சோற்றுப் பருக்கை அளவு அழுக்கில் தடுக்கி விழுகிறது என்பது அவளுக்கு அப்போதிருந்தே ஒரு வியப்பு. பெரியவளான பிறகும் அது தீரவில்லை. குழாயடியில் தண்ணீர் நிரம்பக் காத்து நிற்கும்போதுகூட, உலகத்திலுள்ள முனைகள் எல்லாம் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்பதை நினைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். தண்ணீர் வழிந்து காலை நனைக்கும்.

அவள் கட்டிக்கொண்ட அருட்செல்வனிடம் ஒரு சவுண்ட் செற் இருந்தது. கலியாண வீடு, சாமத்திய வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று அவன் பெட்டிகளைக் கொண்டு திரிந்தான். அவள் பின்னாலிருந்து வயர்களைத் தைத்தாள். அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனபோது பெட்டிகள் வீட்டு விறாந்தையில் அடுக்கியபடி நின்றன. விற்றுவிடு என்றார்கள். அவள் விற்கவில்லை. தானே பெட்டிகளோடு போனாள். "ஆம்பிளை இல்லாத சவுண்டோ?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். "சத்தத்துக்கு மீசை வேணுமோ?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஆனால் கிடைத்ததெல்லாம் சின்னச் சின்ன வீடுகள்தான். ஒரு கோயில் திருவிழா, கொடியேற்றம் தொட்டுத் தீர்த்தம் வரைக்கும், அவள் பேரில் ஒருநாளும் வந்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். ஊர் முழுக்கத் தன் கையால் கட்டிய வயருக்குள்ளால் பத்து நாள் கேட்கவேண்டும்.

அந்த வாசல் வடகடல் கரையில் ஓர் அம்மாள் கோயிலில் திறந்தது. பரிபாலன சபைத் தலைவர் செல்வநாயகம் சரக்குக் கப்பல்களின் எந்திர அறையிலேயே வயதைக் கழித்துவிட்டு வந்தவர். மெல்லிய சத்தம் அவர் காதில் விழாது. கரகரப்பு மட்டும் விழும். அவர் மெல்லக் கதைப்பதாக நினைத்துக் கதைத்தால் பக்கத்துத் தெரு நாய் எழும்பும்.

"ஒன்பது நாளும் பிரச்சினை இல்லைப் பிள்ளை. தீர்த்தத்திலைதான் மானம் போகுது. கடற்கரைக்கு மைக்கைக் கொண்டுபோனால் காணும், கரகரப்புத் தொடங்கியிடும். போன வருசம் அம்மாள் கடுகு தாளிக்கிற சத்தத்திலைதான் தீர்த்தமாடினவா. இந்த முறை தீர்த்தத்துக்கு மட்டும் நீ வா. ஒரு கரகரப்பு இல்லாமல் முடிச்சுத் தந்தியெண்டால் வாற வருசம் பத்து நாளும் உன்ரை."

கதவு நிலையில் நின்ற அவருடைய மனைவி கமலாவதி, அவர் காணாமல், உதயகலாவைப் பார்த்துத் தலையாட்டினாள். உரும்பிராயில் ஒரு கலியாண வீட்டில் உதயகலாவின் சவுண்டைக் கேட்டுவிட்டு வந்து, "அந்தப் பெட்டையை ஒருக்காக் கூப்பிட்டுப் பாருங்கோவன்," என்று மனுசனின் காதுக்குள் பலமுறை கத்தியவள் அவள்தான்.

உதயகலா உடனே ஜாக் வாங்க ஓடவில்லை. உரும்பிராயில் சாதாரண நிக்கல் ஜாக்குகள் வருடக்கணக்கில் ஒரு குறையும் சொல்லாமல் கிடக்கும். அதே ஜாக்குகள் அந்தக் கரையில் ஒரு கிழமையில் வெண்பூ பூக்கும், மறு கிழமை பச்சை பிடிக்கும். எந்த உலோகம் அந்தக் காற்றைத் தாங்கும் என்று அந்தக் காற்றிடமே கேட்பது என்று முடிவு செய்தாள்.

கரையில் பெண்கள் கருவாடு காயப்போடும் கயிறுகளுக்குப் பக்கத்தில் அவளும் ஒரு கயிறு கட்டினாள். அதில் ஒரு செம்புத் துண்டு, ஒரு பித்தளை ஜாக், வெள்ளீயம் பூசிய ஒன்று, நிக்கல் பூசிய ஒன்று, தன் கால் வெள்ளி மிஞ்சி ஒன்று, ஒரு சோடி தங்கத் தோட்டில் ஒன்று எல்லாம் வரிசையாகத் தொங்கின. கருவாட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"உதென்ன மீன் பிள்ளை?" என்றாள் றஜிதா என்பவள், எல்லாரிலும் வாய் கூடியவள்.

"ஊசிக் கணவாய்."

"எப்ப காயும்?"

"ஆடி முடியக் காயும்."

"காகம் தோட்டைக் கொண்டுபோனால் எங்களைக் கேளாதை. காகத்தின்ரை பெண்சாதியைப் போய்க் கேள்."

காகம் கொண்டுபோகவில்லை. ஆனால் றஜிதா தினமும் காலையில் வந்து அந்தக் கயிற்றைப் பார்த்து, உதயகலாவுக்குப் போனில் சொல்லத் தொடங்கியிருந்தாள். "உன்ரை வெள்ளி இண்டைக்கு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கு." "வெள்ளீயத்துக்குச் சுகமில்லை." "பித்தளைக்கு மீசை முளைச்சிட்டுது." உதயகலா உரும்பிராய்க் கிணற்றடியில் நின்றபடி இந்தச் சேதிகளைக் கேட்பாள். கண்ணை மூடினால் கயிறு தெரியும். அந்தச் சின்ன உலோகங்கள் எல்லாம் கடலைப் பார்த்தபடி ஒரு விசாரணைக்கு வந்த ஆட்களைப்போலத் தொங்கும்.

ஆடி முடியப் போய்ப் பார்த்தாள். செம்பு, அவள் ஊர் மண்ணைப்போலச் சிவப்பாகப் போனது, சாணிப்பச்சை பிடித்துத் திரும்பியிருந்தது. வெள்ளிதான் அவளுக்கு எப்போதும் பிடித்தது. மின்சாரத்தை வெள்ளியைப்போல இலகுவாக விடுகிற உலோகம் வேறு இல்லை. ஆனால் கரையில் அழுகிய சாதாளைப் பாசியின் மூச்சுப் பட்டு அது கறுத்துப்போய், யாரோடும் கதைக்கமாட்டேன் என்பதுபோல இருந்தது. நிக்கல் புள்ளி விழுந்தும் வைராக்கியமாக நின்றது. ஒலிப்பெட்டிக்குப் போகும் வயருக்கு அது போதும். அங்கே பாய்வது வெள்ளம், மெல்லிய பாசியை அடித்துக்கொண்டு போய்விடும். மைக்கிலிருந்து வருவது வெள்ளமல்ல, பனி. ஒரு மனிதனின் மூச்சு, நூலளவு மின்சாரமாகி வருகிறது. மங்கலான ஒரு படலம் போதும், அது நின்றுவிடும். தோடு மட்டும் நேற்று வந்த விருந்தாளியைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்படித்தான் கஜானனிடம் போனாள். அவன் முலாம் பூசிக் கொடுத்த ஜாக்குகளைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தாள். ஊசிகளிலும் தங்கம், துளைகளிலும் தங்கம். இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால்தான் உப்பு நடுவில் புகுந்து கோள் மூட்டாது. அவற்றை வயரில் பூட்டவில்லை. தீர்த்தத்துக்கென்றே வைத்திருந்தாள். பூட்டமுன்னர் அம்மாளின் காலடியில் ஒருக்கால் வைத்து எடுக்கவேண்டும் என்பது அவள் எண்ணம். புதுக் கார் வாங்கினாலும் மோட்டர் வாங்கினாலும் ஊரில் எல்லாரும் செய்வதுதானே. அந்த நாள்களில் பகல் தூக்கத்தில் அந்தத் தங்க முனைகளுக்குள்ளால் ஒரு குரல் வரும். யாருடைய குரல் என்று தெரியாது. தண்ணீருக்கடியில் விளக்குக் கொளுத்தியதுபோல இருக்கும். விழித்ததும் மறந்துபோகும். இனிப்பு மட்டும் நாக்கில் நிற்கும்.

தேர்த்திருவிழா அன்று அவள் தன் பெட்டிகளோடு வந்து சேர்ந்தாள். பெட்டிகளை ஏற்றி வந்தவர் லான்ட்மாஸ்டர் அருளம்பலம். ஊரில் சீமெந்தும் பூசணிக்காயும் சவுண்டும் எல்லாம் அவருடைய அந்த இரட்டைச் சில்லு உழவு எந்திரத்தின் பின்பெட்டியில்தான் போகும். ஐயர் தேர் அலுவலில் ஓடித் திரிந்தார். உதயகலா ஒரு பித்தளைத் தட்டத்தில் வெற்றிலை வைத்து, அதன்மேல் ஜாக்குகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி சந்தனம் வைத்து, அவர் ஓய்ந்ததும் கொடுக்கலாம் என்று களஞ்சிய அறைக்குள் அம்மாளின் சாமான்களோடு வைத்துவிட்டுப் போனாள். தேர் இருப்புக்கு வந்து அன்னதானம் முடிந்ததும், மடத்தின் நிழலில் ஒரு தூணில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். வெளியே வெயில் மணலைப் பொரித்தது. எங்கோ தண்ணீர் ஊற்றும் சத்தமும் பெண்கள் சிரிக்கும் சத்தமும் கேட்டன. அவற்றையும் அவள் கனவுக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

எழும்பிப் போனபோது கிணற்றடியில் கமலாவதியும் இன்னும் சில பெண்களும் மறுநாள் தீர்த்தத்துக்கு விளக்குகளையும் தட்டங்களையும் மினுக்கி முடித்து, ஓலைப் பாயில் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றின் நடுவிலும், குத்துவிளக்கின் கழற்றிய துண்டுகளோடு, அவளுடைய ஜாக்குகள் ஒரு வரிசையாக நின்றன.

உதயகலா ஒன்றை எடுத்தாள். ஊசிகளில் பொன் இல்லை. அங்கங்கே மூலைகளில் ஒரு மஞ்சள் கீறல். மிச்சமெல்லாம் நிக்கலின் சாம்பல் நிறம். துளையுள்ள ஒன்றை எடுத்துச் சாய்த்தாள். துளைகளுக்குள் புளிச்சக்கையும் சாம்பலும் இறுகிப் போயிருந்தன. தும்பால் நன்றாக அடித்துத் தேய்த்த கை, அன்பான கை.

"அது விளக்குத் தண்டுக்குப் பூட்டுற மரையாணி எண்டு நினைச்சன் பிள்ளை," என்றாள் கமலாவதி. "மரை வேறை இருந்துதே. சந்தனம் வேறை காய்ஞ்சு ஒட்டியிருந்துது. முதல் தேய்ப்பிலை மினுக்கம் காணாமல் இன்னொருக்காலும் தேய்ச்சன். ஏன்? உன்ரையோ? நீ சொன்ன தங்கச் சாமான் இதோ?"

"என்ரைதான் அக்கா."

"கடவுளே. கெட்டுப் போச்சோ?"

உதயகலா துளைக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினாள். அந்தத் தட்டத்தை அங்கே வைத்தது கமலாவதி அல்ல, தானே. கமலாவதி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பார்த்துப் புரிந்துகொண்டாள். ஈரக் கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவருக்குச் சொல்லிப்போடாதை. அவர் ஏசினால் எனக்கு மட்டும் கேக்காது, கரையிலை நிக்கிற வள்ளத்துக்கும் கேக்கும். நாளைக்குத் தீர்த்தத்துக்கு என்ரை அண்ணை குடும்பமும் வந்து நிக்குது. அவையளுக்கு முன்னாலை நான் தலை நிமிரேலாது."

"சொல்லமாட்டன் அக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் துளைகளை ஊசியால் குடைந்தாள், கொதித்தாறின நீரில் கழுவினாள், வெயிலில் வைத்தாள், இரண்டை வயரில் பூட்டி, ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டாள். கடுகு வெடித்தது. பழைய நிக்கல் ஜாக்குகளைப் பூட்டினாள். அவை கடற்கரைக்குப் போகமுன்னரே முணுமுணுத்தன. அருளம்பலம் லான்ட்மாஸ்டரின் பெட்டியில் கால்நீட்டியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

"ரசம் வைக்கிற சாமான் எல்லாம் மைக்குக்குள்ளை போட்டாச்சு. மிளகும் ரெண்டு போட்டு விட்டால் ஐயருக்குத் தொண்டைக்கு நல்லது."

"அண்ணை, கொஞ்சம் சும்மா இருங்கோ. யோசிக்கிறன்."

"யோசி, யோசி. ஆனா எனக்கு விளங்காத ஒண்டு. இந்த ஜாக் எண்டுறது என்னத்துக்கு?"

"கழட்டிப் பூட்டத்தான்."

"நாளைக்கு நடுத் தீர்த்தத்திலை நீ எதையேன் கழட்டப் போறியோ?"

உதயகலா அவரைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ஜாக்கைக் கீழே வைத்தாள். கழற்றத் தேவையில்லை என்றால் பூட்டவும் தேவையில்லை. தங்கமும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம். உப்பு நுழைவதற்கு ஓர் இடுக்கு வேண்டும், இடுக்கே இல்லாவிட்டால்?

பொழுது சாயச் சாய, மடத்தில் இருந்து அவள் வேலையைத் தொடங்கினாள். மைக்கின் அடியைக் கழற்றி, உள்ளே குரல் பிறக்கும் இடத்திலேயே வயரை ஈயம் வைத்து ஒட்டினாள். மூன்று வயர்களை ஒன்றோடொன்று, செம்பைச் செம்போடு முறுக்கி, ஈயம் உருக்கி ஊட்டி, மேலே மெழுகு வார்த்தாள். மறு நுனியை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரின் முதுகைத் திறந்து உள்ளேயே தைத்தாள். ஈயத்தோடு உருகும் குங்கிலியம் சாம்பிராணியைப்போல மணந்தது. பக்கத்தில் யாரோ கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். வேலை முடிந்தபோது மைக்கும் வயரும் மிக்ஸரும் தனித்தனிச் சாமான்கள் இல்லை. தொப்புள்கொடி அறுக்காத ஓர் உயிர்.

"இனி இதை எப்பிடிக் காவுறது?" என்றார் அருளம்பலம்.

"தாயையும் பிள்ளையையும் ஒண்டாத்தான்."

காலையில் அம்மாள் கடற்கரைக்கு வந்தா. மேளம் முன்னே போக, குடை சாமரத்தோடு, தோள்களில் ஆடி ஆடி வந்தா. லான்ட்மாஸ்டரின் பெட்டியில் மிக்ஸரை மடியில் வைத்தபடி உதயகலா இருந்தாள். மைக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அருளம்பலம் அலைக்குள் இறங்கினார்.

"விடு, விடு, இன்னும் விடு," என்று வலை இறக்குகிறவரைப்போலக் கத்தினார். வயர் அவள் கைகளுக்குள்ளால் ஓடிக் கடலுக்குள் போனது. ஐயரின் இடுப்பளவு தண்ணீரில் மைக் நின்றது.

அவள் சத்தத்தைக் கூட்டினாள். கடுகு வெடிக்கவில்லை.

முதலில் வந்தது மந்திரம் அல்ல, ஐயரின் மூச்சு. நீண்ட, குளிர்ந்த ஒரு மூச்சு, பனை மரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளுக்குள்ளால் கரை முழுக்கப் பரவியது. சனம் ஒருகணம் கதைப்பதை நிறுத்தியது. பிறகு அலை வந்து மைக்கைத் தாண்டிப் போகும் சத்தம். பிறகு சங்கு. அதன் நடுவில், தகப்பனின் தோளில் இருந்த ஒரு சின்னப் பிள்ளையின் குரல் மைக்கில் விழுந்தது.

"அப்பா, அம்மாளுக்குக் குளிராதே?"

கரை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பும் மைக்குக்குள் போய், ஒலிபெருக்கியால் திரும்பி வந்து, சனத்தின் மேலேயே விழுந்தது. தொலைவில் நின்ற வள்ளங்களில் ஆட்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. மந்திரம் தொடங்கியது. ஒவ்வொரு எழுத்தும் ஈரமாக, முழுசாக, கழுவி எடுத்த மாதிரி வந்தது. உதயகலாவின் விரல் ஒரு குமிழின்மேல் அசையாமல் கிடந்தது. தான் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வயருக்குள், ஒரு நீண்ட செம்பு ஒழுங்கையில், ஒரு படலையும் குறுக்கே இல்லாமல் நடந்துபோவதுபோல இருந்தது.

தீர்த்தம் முடிந்து சனம் கலையும்போது செல்வநாயகம் மணலில் கால் புதையப் புதைய அவளை நோக்கி வந்தார்.

"கண்டியே! தங்கம் எண்டாத் தங்கம்தான்!" அவர் மெல்லச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். கரையின் இரு பக்கமும் திரும்பிப் பார்த்தது. "கமலாவதி சொன்னவள், நீ தங்கத்திலை ஜாக் செய்வித்துக் கொண்டு வாறாய் எண்டு. நான் நம்பேல்லை. இண்டைக்கு என்ரை காதாலை கேட்டிட்டன். இந்தக் காதாலை! ஐயர் மூச்சு விட்டது எனக்கே கேட்டது பிள்ளை. வாற வருசம் பத்து நாளும் உன்ரை. ஆனா ஒண்டு, கோயில் வயர் எல்லாத்துக்கும் உந்தத் தங்க ஜாக்தான் பூட்டவேணும். என்ரை மகன் லக்ஷன் அதைக் கனடாவிலையிருந்து அனுப்புறன் எண்டிட்டான். வெள்ளிக்கிழமை சபைக் கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை வந்து நீ ஒரு சொல்லுச் சொல்லு, தங்கம்தான் இதுக்கு மருந்தெண்டு. அவ்வளவும் காணும்."

அவருக்குப் பின்னால் கமலாவதி நின்றாள். கையிலிருந்த தீர்த்தச் செம்பை நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவள் கண்கள் உதயகலாவை விட்டு நகரவில்லை.

"ஓம் அண்ணை," என்றாள் உதயகலா. எதற்கு ஓம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

உரும்பிராய்க்குத் திரும்பி, வயரை நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள். வேண்டியது கைக்குள் வந்துவிட்டது. பத்து நாள், அவள் பேரில். வெள்ளிக்கிழமை போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவும் பெரிய பொய் இல்லை. தங்கம் நல்லதுதான். கயிற்றில் தொங்கி அதைத் தானே காட்டியது. ஆனால் அன்று கரையில் கேட்டது தங்கம் இல்லையே. தங்க முனைக்குள்ளால் ஒரு குரல் எப்படி வரும் என்று அவள் இன்னும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காத சத்தத்துக்குச் சபைக்கு முன்னால் எப்படிச் சாட்சி நிற்பது? அடுத்த தீர்த்தத்தில் அது இருமினால்? கனடாவிலிருந்து வருவது தடித்த முலாமோ, மினுக்கத்துக்கு மட்டும் தொட்டுக் காட்டிய மெல்லிய பூச்சோ, யார் கண்டது?

உண்மையைச் சொன்னால் செல்வநாயகம் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். தங்க ஜாக் எங்கை போனது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உண்மையைச் சொல்ல வழியில்லை. பதில் சொன்னால், ஈரக் கையால் பிடித்து வாங்கிய சத்தியம் போய்விடும். திருவிழாவும் போகலாம்.

மத்தியானம் முழுக்க அவள் விறாந்தையில் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தாள். தோட்டத்துப் பக்கம் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஓடி ஓய்ந்தது. வெயில் வேலியைத் தாண்டி முற்றத்துக்கு வந்து, முற்றத்தைத் தாண்டிப் படிக்கு வந்தது. தனக்குள்ளே கதைத்துப் பார்த்தாள்: அக்கா, தட்டத்தை அங்கை வைச்சது நான். பிழை என்ரை எண்டே சொல்லுறன். ஆனா கேக்காத தங்கத்துக்கு நான் வாக்குக் குடுக்கமாட்டன். நீங்கள் ஓம் எண்டால் மட்டும் வாயைத் திறக்கிறன்.

அது சரியாக இருந்தது. இன்னொருக்காலும் சொல்லிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக் கமலாவதியின் இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்தாள்.

ஒருகணம் ஒன்றுமில்லை, வெறும் காற்று. பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. கடற்கரையில் அந்த வீட்டின் குசினி யன்னலில், மேசையில், அல்லது செல்வநாயகத்தின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் அது கிடக்கும். யார் கை அதை முதலில் தொடும் என்று தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கரகரப்பும் இல்லை. அவ்வளவு தெளிவாக அந்த மணி அடித்துக்கொண்டேயிருந்தது.